முழங்கால் ஆபரேஷனும் காப்பீட்டு அட்டையும்: ஜி.எச்., தனியார், இ.எஸ்.ஐ. மூன்றில் எது?

"காப்பீட்டில் ஆபரேஷன் பண்ற நல்ல எலும்பு டாக்டர் யாராவது தெரியுமா?" வீட்டில் அறுபதைத் தாண்டிய அம்மாவோ மாமியாரோ இருந்தால் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். கேட்டதும் ஆளுக்கொரு டாக்டர் பெயரைச் சொல்வார்கள். அந்த டாக்டரைத் தேடிப் போய், காத்திருந்து, பீஸ் கட்டி, எக்ஸ்ரே எடுத்த பிறகு "இங்கே ஸ்கீம் கிடையாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வலியோடு மாடிப்படி ஏறிப் போனவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பாரம் என்பது கூடப் போனவர்களுக்குத் தெரியும்.

தேடுகிற விதத்தை மாற்றினால் இந்த அலைச்சலில் பாதி குறையும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருப்பவை மருத்துவமனைகள். எந்த டாக்டரும் தனிப்பட்ட முறையில் அதில் இல்லை. மருத்துவமனைகளுக்கும் துறைவாரியாகத்தான் அனுமதி. இதய சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கும் மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கு இல்லாமல் இருக்கலாம். அதனால் ஒரே டாக்டர் காலையில் அரசு மருத்துவமனையில் இந்த அட்டைக்கு ஆபரேஷன் செய்வார், மாலையில் சொந்த கிளினிக்கில் கன்சல்டேஷன் மட்டும் பார்ப்பார், பணம் கட்டுகிறவர்களுக்கு வேறொரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன் செய்வார். தமிழ்நாட்டில் பணி நேரத்துக்கு வெளியே தனியாகப் பிராக்டிஸ் செய்ய அரசு டாக்டர்களுக்கு அனுமதி உண்டு என்பதால் இது சாதாரணம். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "நீங்கள் எந்த மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டில் இந்த ஆபரேஷன் செய்கிறீர்கள்?" கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே, முடிந்தால் அப்பாயின்ட்மென்ட் வாங்கப் போனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

அட்டையைப் பற்றிச் சுருக்கமாக. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து இப்போதைய பெயரில் நடக்கிறது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு இல்லை. இது பலருக்குத் தெரியாமலே போகிறது. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். முதலில் குடும்ப அட்டையில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மகன் வீட்டு ரேஷன் கார்டில் பெயரை வைத்துவிட்டுச் சின்ன மகன் வீட்டில் வாழ்கிற அம்மாக்கள் நிறையப் பேர். சின்ன மகனின் அட்டையைக் கொண்டுபோனால் கவுண்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காத்திருக்கலாமா, கூடாதா?

அரசா தனியாரா என்று யோசிப்பதற்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வயதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்றால் "காப்பீட்டில் நல்ல டாக்டர்" தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அந்த ஆபரேஷனை ஒன்றரை, இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் எலும்பு மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட நடைமுறை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். முறிவைத் தாங்கிக்கொண்ட உடம்பு இவற்றைத் தாங்காமல் போகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் 108-ஐக் கூப்பிட்டு, அன்றோ மறுநாளோ தியேட்டர் கிடைக்கும் இடத்துக்குப் போவதே சரி. அது பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கும். பக்கத்திலேயே பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை இருந்து, நாளைக்கே செய்கிறோம் என்றால் அங்கே சேருங்கள். டாக்டர் பெயரைப் பற்றிய ஆராய்ச்சியை மூட்டுத் தேய்மானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாலை விபத்தென்றால் கதையே வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் போதும். அட்டை வேண்டாம், வருமான வரம்பு இல்லை, எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியும் இல்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும்.

முழங்கால் தேய்மானம் அப்படி இல்லை. பல ஆண்டுகளாகத் தேய்ந்த மூட்டு இன்னும் மூன்று மாதம் பொறுக்கும். அந்தப் பொறுமை இருப்பதால்தான் இதில் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. அவசரப்படுத்துகிற இடம் எதுவாக இருந்தாலும் அங்கே கொஞ்சம் நிதானியுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை

சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரையில் ராஜாஜி, சேலத்தில் மோகன் குமாரமங்கலம், இவை போகக் கோவை, திருச்சி, நெல்லை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டதிலிருந்து விருதுநகர், நாமக்கல், கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களிலும் எலும்பியல் துறையோடு கூடிய மருத்துவமனை வந்துவிட்டது. தேய்ந்த மூட்டுக்குப் பதில் செயற்கை மூட்டு வைக்கும் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று இருபது ஆண்டுக்கு முன் இருந்த நிலை இப்போது இல்லை.

இங்கே வேலை யூனிட் கணக்கில் நடக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. மாணவர்கள். யூனிட்டுக்கென்று வாரத்தில் ஓ.பி. நாள் உண்டு, ஆபரேஷன் நாள் உண்டு. முழங்கால் மாற்றில் கை தேர்ந்தவர் எந்த யூனிட்டில் இருக்கிறார், அவர் ஓ.பி. என்றைக்கு என்று விசாரித்துக்கொண்டு அந்த நாளில் காலையிலேயே போய்ச் சீட்டு போட வேண்டும். வேறு நாளில் போனால் வேறு யூனிட்டில் பதிவாகிவிடும். பிறகு மாற்றுவது சிரமம். யாரிடம் விசாரிப்பது என்று திகைக்க வேண்டாம். எலும்பியல் வார்டில் ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடப்பவர்களிடமும் அவர்கள் கூட இருப்பவர்களிடமும் பேசினால் எல்லாம் தெரிந்துவிடும்.

அரசு மருத்துவமனைதானே, இலவசம்தானே என்று அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கும் காப்பீட்டு கவுண்ட்டர் இருக்கிறது; அட்டை எண்ணைப் பதிந்து முன் அனுமதி வாங்கித்தான் செய்வார்கள். மூட்டுக்குள் வைக்கும் இம்பிளான்ட் வாங்குவதற்கான பணம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.

குறை என்ன? காத்திருப்பு. இந்த மருத்துவமனைகளுக்கு நாள் முழுவதும் விபத்துக் கேஸ்கள் வந்துகொண்டே இருக்கும். உயிருக்கு ஆபத்தானவரை முதலில் தியேட்டருக்குள் எடுப்பார்கள். அப்படித்தான் எடுக்கவும் வேண்டும். அதனால் உங்கள் அம்மாவின் ஆபரேஷன் தள்ளிப்போகும், சில சமயம் வெறும் வயிற்றோடு காத்திருந்த நாளிலேயே தள்ளிப்போகும். வார்டில் கூட்டம், கழிப்பறை நிலைமை, ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்குக் கை நீட்டுகிறவர்கள் - இதெல்லாம் உண்மை. முழங்கால் ஆபரேஷன் முடிந்தவர் இந்தியக் கழிப்பறையில் உட்கார முடியாது என்பதால் வார்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். இல்லையென்றால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிக்கொண்டு போகலாம்.

இத்தனை குறையோடும் முதல் தேர்வாக நான் சொல்வது இதைத்தான். இங்கே ஆபரேஷன் தேவையா இல்லையா என்று சொல்பவருக்கு அதில் லாப நோக்கம் குறைவு. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தாலே ஆபரேஷன் என்று கிடையாது. தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வீட்டுக்குள் நடக்கவே முடியாத நிலை, மாத்திரையும் தொடைத் தசைப் பயிற்சியும் எடையைக் குறைத்துப் பார்த்ததும் பலிக்காத நிலை: இவை சேர்ந்து வந்தால்தான் மூட்டை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். தனியாரில்தான் செய்யப் போகிறோம் என்று முடிவெடுத்தவர்கள்கூட அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒருமுறை காட்டி, "இப்போது தேவையா?" என்று கேட்டுவிட்டு வருவது நல்லது. செலவு என்று பார்த்தால் ஒரு காலைப் பொழுதும் பஸ் சார்ஜும்தான்.

பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை

சுத்தமான வார்டு, சீக்கிரம் கிடைக்கும் தேதி, ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரையே நேரில் பார்த்துப் பேசும் வாய்ப்பு. இந்த மூன்றுக்காகத்தான் மக்கள் இங்கே வருகிறார்கள், அதில் தவறும் இல்லை. முதுகு வளைந்து, சர்க்கரையும் பிரஷரும் உள்ள எழுபது வயதுக்காரரைக் கூட்டத்தில் உட்கார வைக்க முடியாத குடும்பங்கள் இருக்கின்றன.

பட்டியலைத் திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டவாரியாகப் பார்க்கலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். பெயர் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் மேலும் விசாரியுங்கள். எலும்பியலுக்கு அனுமதி இருக்கிறதா? திட்டத்தில் சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் தனியாரில் செய்யத் தக்கதா? அங்கே இந்த ஸ்கீமில் கடைசியாக எப்போது முழங்கால் மாற்று செய்தார்கள்? போர்டில் திட்டத்தின் பெயர் இருக்கும், ஆனால் "டாக்டர் ஸ்கீம் கேஸ் எடுப்பதில்லை" என்பார்கள். வெளியிலிருந்து வந்து ஆபரேஷன் செய்துவிட்டுப் போகும் விசிட்டிங் சர்ஜன்கள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும்.

ஏன் தயங்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் பேசுவது எளிது. திட்டம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகையை நிர்ணயித்திருக்கிறது. அதுவும் மருத்துவமனையின் தரவரிசையைப் பொறுத்து மாறும். இம்பிளான்ட், தியேட்டர், மயக்க மருந்து, டாக்டர் பீஸ், படுக்கை, சாப்பாடு எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடங்க வேண்டும். பணம் கட்டும் நோயாளியிடம் வாங்குவதைவிட இது குறைவு, வந்து சேரவும் நாளாகும். கணக்குப் பார்க்கிற மருத்துவமனை நேராக மறுத்துவிடும். சில இடங்களில் மறுக்காமல், "ஸ்கீமில் வருகிற இம்பிளான்ட் சுமார்தான், நல்லது போட வித்தியாசம் மட்டும் கட்டிவிடுங்கள்" என்பார்கள். எங்கள் உறவில் ஒருவருக்கு அட்மிஷன் போட்ட பிறகு, ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவில் இதைச் சொன்னார்கள். அந்த நேரத்தில் எந்த மகனால் முடியாது என்று சொல்ல முடியும்?

இது அநியாயம். திட்டத்தின்கீழ் அனுமதி வாங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் மேலே சொன்ன எண்ணுக்கும் கலெக்டர் ஆபீஸில் உள்ள திட்ட அலுவலருக்கும் புகார் சொல்லலாம்.

இம்பிளான்ட் பற்றிய பயத்தையும் இங்கேயே பேசிவிடலாம், ஏனென்றால் பணம் கறப்பது இந்தப் பயத்தை வைத்துத்தான். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் இம்பிளான்ட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. பெரும்பாலானவர்களுக்குப் போடப்படும் கோபால்ட் குரோமியம் வகை அப்போது 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் 76,600 ரூபாய், வரி தனி. அதற்கு முன் லட்சக் கணக்கில் விற்றவை இவை. அந்த சாதாரண கோபால்ட் குரோமியம் வகைதான் உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. வெளிநாட்டு மூட்டு மாற்றுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, முழு முழங்கால் மாற்றில் நூற்றுக்கு 82 மூட்டுகள் 25 ஆண்டு வரை தாங்குவதாகக் கணக்கிட்டது. அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு ஸ்பெஷல் உலோகம் வேண்டுமென்று நகையை அடகு வைக்க அவசியமே இல்லை. ரோபோ வைத்துச் செய்கிறோம் என்ற விளம்பரத்துக்கும் இதையே சொல்வேன்: பல ஆண்டு கழித்து நோயாளி நடப்பதில் அது தெளிவான வித்தியாசம் தருகிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

உண்மையில் வித்தியாசம் தருவது ஆபரேஷன் செய்யும் கை. நிறையச் செய்கிறவர்களிடம் மறு ஆபரேஷன் குறைவு என்று பல நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. "மாதத்தில் எத்தனை முழங்கால் மாற்று செய்வீர்கள்? நீங்களே செய்வீர்களா? கிருமித்தொற்று வந்தால் திரும்ப இங்கேயே பார்ப்பீர்களா, அது காப்பீட்டில் வருமா?" இவற்றைக் கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். எப்போதாவது ஒன்று செய்யும் தனியார் டாக்டரையும் வாரந்தோறும் செய்யும் அரசு யூனிட்டையும் எதிரெதிரே வைத்தால், வார்டின் டைல்ஸைப் பார்த்து மயங்காமல் நான் பின்னதற்குத்தான் போவேன். வாரந்தோறும் செய்கிற, பணம் கேட்காத தனியார் மருத்துவமனை உங்கள் ஊரில் இருந்தால் அது அதிர்ஷ்டம். தாராளமாக அங்கே போகலாம்.

மறந்துபோகிற மூன்றாவது வழி

திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலரின் சம்பளத்தில் மாதம் 0.75 சதவீதம் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள், முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது கட்டாயம். ஆனாலும் அம்மாவின் முழங்கால் என்றதும் இந்த நினைப்பு வருவதில்லை. தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும், அவர்களின் வருமானம் மாதம் 9,000 ரூபாயைத் தாண்டாவிட்டால், இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. சிகிச்சைச் செலவுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இல்லை. அம்மாவின் பெயர் இ.எஸ்.ஐ. அட்டையில் சேர்ந்திருக்க வேண்டும், கம்பெனி எச்.ஆரிடம் சொல்லிச் சேர்க்கலாம்.

வழி கொஞ்சம் நீளம். முதலில் உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கிருந்து சென்னை கே.கே. நகர், அயனாவரம், கோவை போன்ற இடங்களில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை. அங்கே செய்ய முடியாததை ஒப்பந்தத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு ரெஃபர் செய்வார்கள். ரெஃபரல் கடிதம் இல்லாமல் நேராகத் தனியாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டுப் பிறகு பணம் கேட்டால் சிக்கல்தான்.

ஆபரேஷன் தொழிலாளிக்கே என்றால் நான் தயங்காமல் இ.எஸ்.ஐ.யைத்தான் சொல்வேன். காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் பார்த்துக்கொள்ளும். வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை அது தராது. இ.எஸ்.ஐ.யில், சந்தா கட்டிய நாள் கணக்கு சரியாக இருந்தால், நோய்க்கால விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்ட மில் தொழிலாளிக்கு அந்த மூன்று மாதச் சம்பளம் சிறிய தொகை இல்லை.

அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் தனிக் காப்பீடு இருக்கிறது, ரயில்வேக்காரர்களுக்குப் பெரம்பூர் மருத்துவமனை இருக்கிறது, மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். இருக்கிறது. அவற்றின் விதிகள் வேறு என்பதால் இங்கே விரிக்கவில்லை. பட்டியலில் மருத்துவமனையின் பெயரும் துறையும் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

தேதி கிடைத்த பிறகு

எங்கே செய்தாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் சர்க்கரை, ரத்தசோகை, சிறுநீர்த் தொற்று, சொத்தைப் பல். காத்திருக்கும் வாரங்களில் இவற்றைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சரிசெய்து வைத்துக்கொண்டால், மயக்க மருந்து டாக்டர் ஃபிட்னஸ் கொடுக்கும்போது தேதி கை நழுவாது. உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் கிருமி புது மூட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அதைப் போல் துன்பம் வேறில்லை. மூட்டையே கழற்ற வேண்டி வரும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியில் இம்பிளான்ட்டின் கம்பெனி பெயர், அளவு, பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் வரும் ஸ்டிக்கரை ஒட்டித் தருவார்கள், தராவிட்டால் கேளுங்கள். பதினைந்து ஆண்டு கழித்து வேறு டாக்டர் அதே காலைத் திறக்க நேர்ந்தால் அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தச் சீட்டுதான்.

மடக்கி நீட்டும் பயிற்சியை விட்டுவிட்டால் எவ்வளவு நன்றாகச் செய்த மூட்டும் விறைத்துப்போகும். தனியார் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தால் ஒவ்வொரு தடவைக்கும் பணம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு, அதுவும் இலவசமாக. அதனால் ஆபரேஷனுக்குப் போகும் முன்பே உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைச் சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வந்த வாரத்திலேயே அவர்கள் வர வேண்டும். ஆறு வாரம் கழித்து வந்தால், மடங்காத காலை மடக்க மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டிய நிலைகூட வரலாம்.